பிரிண்ட் ஆன மாலை

எங்கள் கடையில் ஒரு மாலை இருக்கிறது. சம்பங்கியும் ரோஜாவும் மாறி மாறிக் கட்டி, கீழே குஞ்சம் தொங்கும். வாடாது. கம்ப்யூட்டரில் 'மாலை ஃபைனல் புதுசு' என்ற ஃபைலில் கிடக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு செஞ்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் செத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் கழுத்தில் அந்த மாலைதான் விழுந்திருக்கிறது. கறிக்கடைக்காரர், முன்னாள் கவுன்சிலர், பைக்கைக் கொண்டுபோய் லாரியில் விட்ட காலேஜ் பையன், எல்லோருக்கும் ஒரே மாலை. யாரும் கம்ப்ளைண்ட் செய்ததில்லை.

நான் படித்தது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். அந்தக் கதை இங்கே வேண்டாம். போட்டோஷாப் தெரியும், வேகமாக டைப் அடிப்பேன், அதனால் கூட்ரோட்டுப் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். வேலை ரொம்ப சிம்பிள். உயிரோடு இருப்பவனுக்குக் கூலிங் கிளாஸ், பின்னால் சிங்கம், தலைக்கு மேல் கிரீடம். செத்தவனுக்கு மாலை, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, பின்னால் மேகம். முகத்தை மட்டும் மாற்றினால் போதும். எங்கள் ஊரில் ஒருத்தர் செத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து பாடி வருவதற்குள் எங்கள் ஃப்ளெக்ஸ் போய் நின்றுவிடும். அதைப் பார்த்துத்தான் பூக்கடைக்காரர் மாலை கட்டுவார், பந்தல்காரர் சாமியானாவை வண்டியில் ஏற்றுவார், ஐஸ் பெட்டிக்காரர் பெட்டியோடு கிளம்புவார். தனியாக யாருக்கும் போன் போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. ஊருக்கே அது பழகிவிட்டது.

போன கார்த்திகையில் கடைக்கு ஒரு கணக்கு வாத்தியார் வந்தார். ரிட்டையர் ஆனவர். பையன்கள் ஸ்கூலின் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர்.

"நம்ம ஸ்கூல்ல படிச்சவருப்பா. பாம்பர் பைலட். எழுபத்தொண்ணு வார்ல செத்துப்போனவரு. ஸ்கூல் ஹால்ல படம் தொறக்கறோம். கூட்ரோட்ல பெருசா ஒரு ஃப்ளெக்ஸ் வேணும்."

"பாம்பர் பைலட்டா? நம்ம செஞ்சியிலயா சார்?"

"ஏன், செஞ்சியில பொறந்தா பிளேன் ஓட்டக்கூடாதா? நீ இன்ஜினியரிங் படிச்சிட்டு மாலை ஒட்டல?"

வாயை மூடிக்கொண்டு சைஸ் கேட்டேன். பத்துக்கு எட்டு என்றார். போட்டோ, பைலட்டின் தங்கையிடம் இருக்கிறது, அவரே கொண்டுவந்து தருவார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சிங்கவரத்திலிருந்து அந்த அம்மா டவுன் பஸ்ஸில் வந்தார். எழுபதைத் தாண்டிய வயது. கையில் ஒரு எக்ஸ்ரே கவர். முட்டிவலிக்காரர் யாரோ வழி தவறிக் கடைக்குள் வந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். கவருக்குள் நியூஸ் பேப்பரில் சுற்றிய பிளாக் அண்ட் ஒயிட் போட்டோ.

"மடிக்காம ஸ்கேன் பண்ணு தம்பி. என்கிட்ட இது ஒண்ணுதான் இருக்குது. பெரிய படம் எங்கண்ணன் வூட்ல மாட்டி இருக்குது. அத அவரு ஆணியவுட்டு எறக்க மாட்டாரு."

யூனிஃபார்ம் போட்ட ஒருத்தர் விமானத்தின் இறக்கைக்குக் கீழே நின்று, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தார். மெல்லிய மீசை. வயது என் வயதுதான் இருக்கும். ஸ்கேன் செய்து ஸ்கிரீனில் பெரிதாக்கினேன்.

"இன்னாப்பா, மூக்கு இவ்ளோ பெருசா தெரியுது?"

"ஸ்கிரீன் பெருசும்மா. மூக்கு அதேதான்."

"அப்டியே கொஞ்ச நேரம் வையி."

வைத்தேன். பின்னால் காதுகுத்து ஆர்டர்காரர் ஒருத்தர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பைலட்டைப் பின்னணியிலிருந்து கத்தரித்தெடுக்க ஆரம்பித்தேன். அது பொறுமையான வேலை. காது மடல், தொப்பி விளிம்பு என்று புள்ளி புள்ளியாகப் போக வேண்டும். அந்த அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். காதுகுத்துக்காரர் நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார்.

அண்ணன்கள் இரண்டு பேர். பெரியவர் டவுனிலேயே மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் செய்தவர். சின்னவர் இந்த பைலட். போரில் குண்டு போட்டுவிட்டுத் திரும்பும்போது கீழேயிருந்து சுட்டிருக்கிறார்கள். பின்னால் வந்த விமானத்தில் இருந்தவர்கள், இவருடைய விமானம் எரிந்துகொண்டே இறங்கியதைப் பார்த்திருக்கிறார்கள். கூட இருந்த நேவிகேட்டரும் போய்விட்டார். விழுந்தது எல்லைக்கு அந்தப் பக்கம். கொஞ்ச நாள் கழித்து ஜீப்பில் இரண்டு ஆபீசர்கள் வந்து, வாசலில் தொப்பியைக் கழற்றிவிட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

"எங்க நைனா ஒரே கேள்விதான் கேட்டாரு. பாடி எங்கன்னாரு. அவங்க தலைய குனிஞ்சிக்கினாங்க. சரி, பாடி வந்தப்புறம் வாங்கன்னு காப்பி குடுத்து அனுப்பிச்சிட்டாரு."

பாடி வரவில்லை. அதனால் அந்த வீட்டில் சாவும் நடக்கவில்லை. கருமாதி இல்லை. சுவரில் மாட்டிய படத்துக்கு மாலை இல்லை, பொட்டு இல்லை. நைனா சாகும்போது பெரிய மகனைக் கூப்பிட்டு, பாடியைப் பார்க்காமல் சின்னவனைச் செத்தவனாக்காதே என்று சொல்லிவிட்டுப் போனாராம். பெரியவர் அதையே பிடித்துக்கொண்டுவிட்டார். இப்போது அவருக்கு எண்பதுக்கு மேல். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்.

"சரி, நம்பிக்கையா இருந்துட்டுப் போகட்டுமேம்மா," என்றேன். காது மடலில் இருந்தேன். பெரிதாக யோசித்துச் சொல்லவில்லை.

"நம்பிக்கை இன்னா நம்பிக்கை? அவருக்கும் தெரியும். அமாவாசைக்கு எங்கண்ணன் வூட்ல படைப்பாங்க. நைனாவுக்கு ஒரு இலை, அம்மாவுக்கு ஒரு இலை, எங்கண்ணிக்கு ஒரு இலை. கற்பூரம் காட்டிட்டு எல்லாரும் வெளிய வந்து கதவ சாத்திடுவோம். உள்ள அவங்க வந்து சாப்டுவாங்கன்னு. சின்னண்ணனுக்கு மட்டும் இலை கெடையாது. செத்தவங்களுக்குதான இலை? கதவுக்கு வெளிய நிக்கறப்பல்லாம் நெனைச்சிக்குவேன், அவனும் எங்ககூட இப்டி வெளியதான் நிக்கறான்னு."

"உங்க வூட்லயே ஒரு இலை போட்டுட வேண்டிதான?"

"கட்டிக் குடுத்த பொண்ணு தம்பி நானு. என் வூட்ல எங்க வூட்டுக்காரரு வம்சத்துக்குதான் இலை. பொறந்த வூட்டு ஆளுக்குப் பொறந்த வூட்டு ஆம்பளதான் படைக்கணும். எங்கண்ணன் இருக்கற வரைக்கும்தான் இந்தப் பேச்சே. அவரு புள்ள மெட்ராஸ்ல இருக்கான். சித்தப்பான்னு ஒருத்தன் இருந்ததே அவனுக்கு போட்டோ பாத்துதான் தெரியும். அவனா படைக்கப் போறான்? அண்ணன் போறதுக்குள்ள ஒரே ஒரு வாட்டி சின்னண்ணனுக்கு இலை போட்டுட்டாருன்னா போதும் எனக்கு."

தொப்பி விளிம்பு பாக்கி இருந்தது, நான் அதில் இறங்கினேன்.

கத்தரித்து முடித்ததும் என் கைவரிசையைக் காட்டினேன். ஏஐயில் போட்டு பிளாக் அண்ட் ஒயிட்டைக் கலராக்கினேன். முகம் பளபளவென்று, நேற்று செல்ஃபி எடுத்தவர் மாதிரி வந்துவிட்டது. போட்டோவில் இருந்த விமானம் மங்கல், அது வேலைக்கு ஆகாது. நெட்டில் ஒரு ஃபைட்டரை இறக்கி, வாலில் நெருப்புப் பறக்க, தலைக்கு மேல் பறக்கவிட்டேன். செம அவுட்புட். அப்புறம் கை பாட்டுக்கு 'மாலை ஃபைனல் புதுசு' ஃபைலைத் திறந்து மாலையை இழுத்துக் கழுத்தில் போட்டது. விளக்கு இரண்டு. மேகம்.

அந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் வந்தார்.

"மாலை வேணாம்னு எங்கண்ணன் வாத்தியாருகிட்ட சொல்லி இருந்தாரே. படம் தொறங்க, பேரு வைங்க, மாலை மட்டும் கூடாதுன்னு."

"என்கிட்ட யாரும் சொல்லலையேம்மா. எடுத்துடவா? ஒரு கிளிக்தான்."

விரல் மௌஸ் மேல்தான் இருந்தது. அவர் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வுடு," என்றார். "வாத்தியாருக்கு அனுப்பு. அவரு இன்னா சொல்றாரோ அது."

வாட்ஸாப்பில் அனுப்பினேன். 'சூப்பர்பா, ஹீரோ மாதிரி இருக்காரு' என்று பதில் வந்தது. மாலை விஷயம் அவருக்குச் சுத்தமாக மறந்துவிட்டிருந்தது. அவருடைய கவலையெல்லாம் தேதியில். பிறந்த தேதி யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. செத்த தேதியை மட்டும் போட்டால் ஒற்றைக்கண் மாதிரி இருக்கும், இரண்டையும் தூக்கிவிடு என்றார். தூக்கினேன். போட்டோவுக்குக் கீழேயே தெருப் பெயரோடு 'மண்டிக்காரர் வீட்டு வீர மகன்' என்று பெரிதாகப் போடச் சொன்னார். போட்டேன். மேலே 'வீர வணக்கம்'. அடியில் சின்ன எழுத்தில் ஸ்கூல் விழா விவரம், எந்தப் போர், யார் தலைமை, யார் நன்றியுரை. எல்லோருக்கும் திருப்தி.

விழாவுக்கு முதல் நாள் சாயங்காலம் கூட்ரோட்டில் கட்டிவிட்டு வந்தோம். மறுநாள் அமாவாசை. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு விடியற்காலையிலிருந்தே ஸ்பெஷல் பஸ் விடுவார்கள்; கூட்ரோட்டில் பஸ் மேல் பஸ்ஸாக வந்து நிற்கும். ஃப்ளெக்ஸின் அடிப்பகுதியை அவை மறைக்கும் என்பது எங்கள் யார் மண்டையிலும் உறைக்கவில்லை. பஸ்ஸுக்கு மேலே தெரிந்தது இவ்வளவுதான்: வீர வணக்கம், பளபளவென்று ஒரு சின்னப் பையன் முகம், மிலிட்டரி டிரெஸ், கழுத்தில் மாலை, தெருப் பெயர், வீடு.

காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. ஃப்ளெக்ஸ் மூலையில் என் நம்பரைப் போடுவது கடை வழக்கம். இந்த முறை மேல் மூலையில் போட்டிருந்தேன்.

"தம்பி, கூட்ரோட்ல போட்டிருக்கற மிலிட்டரிக்காரரு எடுப்பு எத்தினி மணிக்கு?"

"எடுப்பா? அண்ணே, அது ஸ்கூல் ஃபங்ஷன்ணே."

"ஓ, ஸ்கூல்லேருந்து எடுக்கறாங்களா?"

வைத்துவிட்டார். அடுத்த கால் ஐஸ் பெட்டிக்காரர். அவர் கேள்வியே கேட்கவில்லை. பெட்டியோடு அந்தத் தெருவுக்குள் நுழைந்துவிட்டதாகவும், வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்லும்படியும் சொன்னார். வாய் கொப்பளிக்காமல் வண்டியை எடுத்தேன்.

நான் போய்ச் சேரும்போது மண்டிக்காரர் வீட்டு முன்னால் மினி லாரி நின்றிருந்தது. மேலே ஐஸ் பெட்டி. பந்தல்காரர் இரண்டு கழிகளை இறக்கிச் சுவரில் சாய்த்துவிட்டிருந்தார். பக்கத்துத் தெருப் பெண்கள் நாலைந்து பேர் கையில் மாலையோடு நின்றார்கள். கேட்டுக்கு உள்பக்கம் லுங்கி பனியனில், கையில் மாத்திரை டப்பாவோடு பெரியவர். அவரை நான் அன்றுதான் முதலில் பார்க்கிறேன். போட்டோவில் இருந்த அதே மூக்கு.

"பொட்டிய எங்க எறக்கறது பெரியவரே? பிளக் பாயிண்ட் ஹால்ல இருக்குதா?" என்றார் ஐஸ் பெட்டிக்காரர்.

"எந்தப் பொட்டி? யாருக்கு?"

"மிலிட்டரி தம்பிக்குதான். ஏரோப்ளேன் ஓட்டிச்சே, அந்தத் தம்பிக்கு."

பெரியவர் கேட்டைப் பிடித்துக்கொண்டார். "எங்க வூட்ல யாரும் சாவலடா!"

ஒரு பெண் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். "ஐயோ, பெரியவருக்கு புத்தி தடுமாறிடுச்சே. பேரனா?"

"பேரன்தான் இருக்கும். இந்த வயசுல இத பாக்கணும்னு எழுதி இருக்குது பாரு."

"யாரும் சாவலம்மா! போங்கம்மா எல்லாரும்!"

அவர் சாவல சாவல என்று கத்தக் கத்த இவர்களுக்கு அழுகை கூடியது. ஒரு அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுதுடு நைனா, நெஞ்சுல வெச்சிக்காத, நெஞ்சுல வெச்சிக்காத," என்றார். நெஞ்சில் ஸ்டென்ட் இருப்பது அவருக்குத் தெரியாது. உள்ளேயிருந்து பெரியவரின் மருமகள் போனோடு ஓடிவந்தார்.

"மாமா, இவரு மெட்ராஸ்லேருந்து பேசறாரு. வாட்ஸாப் ஸ்டேட்டஸ்லாம் நம்ம வூட்டு அட்ரஸோட சுத்துதாம். யாரு போய்ட்டாங்கன்னு கேக்கறாரு. நான் இன்னான்னு சொல்றது?"

பெரியவர் போனை வாங்கவில்லை. நான் கூட்டத்துக்குப் பின்னால், வண்டியிலிருந்து இறங்காமல் இருந்தேன். உள்ளே போய் விளக்கலாமா என்று ஒரு யோசனை. போனால் அடி விழுமோ என்று இன்னொரு யோசனை. இரண்டாவது ஜெயித்தது.

ஐஸ் பெட்டிக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. அவருக்கு அன்று பனமலையிலும் ஒரு சாவு இருந்தது.

"பெரியவரே, அழுவறத அப்புறம் அழுங்க. ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பாடி எங்க? ஏர்ல வருதா, ரோட்ல வருதா?"

பெரியவர் அவரையே பார்த்தார். அதுவரை கத்திக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். அழுதுகொண்டிருந்த பெண்களும் பதில் கேட்பதற்காக நிறுத்தினார்கள்.

"வராது," என்றார்.

"வராதா?"

"பாடி வராதுப்பா. அவன் என் பேரன் இல்ல. என் தம்பி. எழுபத்தொண்ணு வார்லயே செத்துட்டான்."

"எழுபத்தொண்ணா?" ஐஸ் பெட்டிக்காரர் வானத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டார். "அப்ப நான் பொறக்கவே இல்லையே. இன்னா பெரியவரே, இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

பெரியவர் பதில் சொல்வதற்குள் ஒரு ஆட்டோ வந்து நின்றது. மண்டியில் பழைய பழக்கமாம், கணவன் மனைவி இரண்டு பேர் மாலையோடு இறங்கினார்கள். அவர்களிடமும் சொன்னார். "இப்ப இல்லம்மா. என் தம்பி. எழுபத்தொண்ணுல செத்துட்டான்." பிறகு வார்டு மெம்பர் வந்தார். அவரிடமும். பிறகு ஸ்கூலுக்குப் போகிற வழியில் எட்டிப்பார்த்த ஒரு டீச்சரிடம். "செத்துட்டான்மா, அப்பவே." ஒவ்வொரு தடவையும் அதே சொல்தான். குரல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக, பஸ் நேரம் சொல்கிறவர் குரல் மாதிரி ஆகிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் கவனித்தேன். சிங்கவரத்து அம்மா பந்தல் கழிகளுக்குப் பக்கத்தில் பையோடு நின்றிருந்தார். விழாவுக்காக நல்ல புடவை கட்டியிருந்தார். எப்போது பஸ்ஸை விட்டு இறங்கி வந்தார் என்று தெரியவில்லை. அண்ணன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மினி லாரி ரிவர்ஸ் எடுத்துக் கிளம்பியது. பந்தல்காரர் கழிகளைத் தூக்கிக்கொண்டார். பெண்கள் மட்டும் போகவில்லை. கையில் மாலை இருந்தது, அதுதான் பிரச்சினை. சாவுக்கு என்று வாங்கிய மாலையை எங்கள் பக்கம் யாரும் வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போக மாட்டார்கள். குப்பையிலும் போட மாட்டார்கள். சாமிக்கும் ஆகாது.

"இத இன்னா பண்றது நைனா?" என்றார் கையைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா.

"இன்னாத்தையோ பண்ணுங்க. எடுத்துக்கினு போங்க."

"சாவு மாலைய வூட்டுக்கு எடுத்துக்கினு போவ சொல்றியா? என் வூட்ல புள்ளகுட்டி இல்லியா?"

அவர் கேட்டைத் திறந்துகொண்டு போய் வாசற்படியில் மாலையை வைத்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். ஆட்டோவில் வந்த ஜோடி வைத்தது. வார்டு மெம்பர் கட்சி கலர் ரிப்பனோடு பெரிதாக ஒன்று வைத்துவிட்டு, ஞாபகமாக போட்டோ எடுத்துக்கொண்டார். எல்லோரும் போன பிறகு வாசற்படி தெரியவில்லை.

பெரியவர் என்னைப் பார்த்தார். பல் துலக்கிய நுரை என் தாடையில் காய்ந்திருந்திருக்க வேண்டும்.

"நீ யாரு?"

"ஃப்ளெக்ஸ் கடைங்க தாத்தா."

"நீதானா அது? வாடா இங்க. அதுல இருக்கற மாலைய கழட்டு மொதல்ல."

"அது பிரிண்ட் ஆன மாலை தாத்தா. கழட்ட வராது."

அவருக்கு அது கிண்டலாகப் பட்டிருக்கலாம். நான் உண்மையைத்தான் சொன்னேன். ஃப்ளெக்ஸையே கிழிக்கலாம், மாலையைத் தனியாக எடுக்க முடியாது. அவர் தங்கை பக்கம் திரும்பினார்.

"நீயா இத பண்ண வெச்ச?"

"நான் இன்னாத்த பண்ணேன்? இப்பதான் பஸ்ஸவுட்டு எறங்கறேன்."

"உனக்குத் தெரியாம அவன் கழுத்துல மாலை ஏறுமா?"

அந்த அம்மா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அப்புறம் அண்ணனைப் பார்த்தார். "தெரியும். எடுக்க சொல்லல. போதுமா? நீ இப்ப ஊருக்கே சொன்னியே, செத்துட்டான் செத்துட்டான்னு, அத நானா சொல்ல சொன்னேன்?"

பெரியவர் வாசற்படி வரைக்கும் போனார். உள்ளே நுழைய வழியில்லை, மாலையை மிதிக்க வேண்டும். மருமகள் குனிந்து ஓரமாகத் தள்ளப் போனார். "வுடும்மா," என்றார். குனிந்து ஒன்றை எடுத்தார். கட்சி ரிப்பன் இல்லாததாகப் பார்த்து எடுத்த மாதிரி இருந்தது. ஹாலில் வரிசையாக நாலு படம் மாட்டியிருந்தது வெளியிலிருந்தே தெரிந்தது. மூன்றில் பிளாஸ்டிக் மாலை, பொட்டு, சீரியல் லைட். நாலாவது வெறும் படம்.

ஒன்றை எடுத்த இடத்தில் கால் வைத்து உள்ளே போனார். கை எட்டவில்லை. "டேய் ஃப்ளெக்ஸு, வா, தூக்கிப் புடி," என்றார். நான் போய் ஒரு பக்கத்தைப் பிடித்தேன். அவர் ஒரு பக்கம். ஃபைலில் இருக்கும் மாலை மாதிரி இல்லை, ஈரமாக, கனமாக இருந்தது. கையெல்லாம் தண்ணீர் வழிந்தது. மாட்டிவிட்டுப் பின்னால் தள்ளி நின்றோம். மருமகள் போய்க் குங்குமம் எடுத்து வந்தார்.

ஸ்கூல் விழா எல்லா ஸ்கூல் விழாவையும் மாதிரிதான் நடந்தது. மைக் கூவியது. பையன்கள் வரிசையில் நின்றுகொண்டே தூங்கினார்கள். சிறப்பு விருந்தினர் விழுப்புரத்திலிருந்து வந்த ரிட்டையர்டு விமானப்படை அதிகாரி. ஃப்ளெக்ஸில் இருப்பது பாம்பரே இல்லை, இந்தக் காலத்து ஃபைட்டர், நம்ம பைலட் இதைக் கனவில்கூடப் பார்த்திருக்க மாட்டார் என்று மைக்கிலேயே சொன்னார். பையன்கள் அதுவரை தட்டாத கையைத் தட்டினார்கள். கணக்கு வாத்தியார் என்னை முறைத்தார். படம் திறக்கும்போது, மாலையைப் போடலாமா வேண்டாமா என்று அவர் தயங்கித் தயங்கிப் பெரியவரைப் பார்த்தார். காலையில் நடந்தது அதற்குள் அவர் காதுக்கும் போயிருந்தது. பெரியவர், "போடுய்யா, இனிமே இன்னா," என்றார்.

விழா முடிந்ததும் நான் நழுவியிருக்கலாம். சிங்கவரத்து அம்மா கையைக் காட்டிக் கூப்பிட்டார். அண்ணன் இன்றைக்கே படைக்கலாம் என்று சொல்லிவிட்டாராம், அமாவாசைதானே, மருமகள் சமைத்துக்கொண்டிருக்கிறாராம். என்னை வண்டியோடு வீட்டுக்கு வரச் சொன்னார். ஏதாவது வாங்கிவர ஆள் வேண்டும்.

நாலு இலை போட்டிருந்தார்கள். சாம்பார், வாழைக்காய், வடை, பாயசம். நாலாவது இலையைப் பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, "இதையா அவன் சாப்ட்டான்?" என்றார்.

"வேற இன்னா வெக்கணும்?"

"ஆம்லெட்டு. லீவுல வந்தா அதான கேப்பான்? வெங்காயம் போடக்கூடாது, மொளகு தூக்கலா."

"அண்ணா, அமாவாசையும் அதுவுமா முட்டையா? நைனா பக்கத்து இலையில ஒக்காந்திருப்பாரு."

"அவன் அமாவாசை பாத்தா சாப்ட்டான்? பட்டாளத்துல அமாவாசை உண்டா? நைனாகிட்ட நான் பேசிக்கறேன்."

"வூட்ல முட்டை உடைக்க வுட மாட்டேன்."

"கடையிலேருந்து வாங்கியாரட்டும். டேய் ஃப்ளெக்ஸு."

பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு பரோட்டா கடை மட்டும் அன்றைக்கும் திறந்திருந்தது. வெங்காயம் இல்லாமல், மிளகு தூக்கலாக என்று சொன்னதும் மாஸ்டர், "காய்ச்சலா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வாழை இலையில் மடித்து நியூஸ் பேப்பர் சுற்றிக் கொடுத்தார். ஆறுவதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அதை இலையில் வைத்தது பெரியவர். அவர் மகன் மெட்ராஸிலிருந்து வீடியோ காலில் இருந்தார். மருமகள் போனைப் படத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். கற்பூரம் காட்டினார்கள். எல்லோரும் வெளியே வந்தோம். பெரியவர் கதவைச் சாத்தினார்.

வாசலில் நின்றோம். ஓரமாக மீதி மாலைகள் குவிந்து கிடந்தன. சிங்கவரத்து அம்மா கதவுக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார், கூட நிற்கிற ஆட்களைச் சரிபார்க்கிற மாதிரி.

ஒரு டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. வயல் வேலையிலிருந்து நேராக வந்தவர் போல, காலெல்லாம் சேறு. ஹேண்டில் பாரில் மாலை தொங்கிக்கொண்டிருந்தது. சாத்திய கதவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு பெரியவரிடம் கேட்டார்.

"இப்பதான் சேதி தெரியும் நைனா. எடுத்துட்டாங்களா?"

பெரியவர் உதட்டின் மேல் விரலை வைத்தார்.

"சத்தம் போடாத. உள்ள சாப்ட்டுட்டு இருக்கான்."

அந்த ஆள் வண்டியை ஆஃப் செய்துவிட்டு, ஒன்றும் புரியாமல், மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களோடு நின்றார்.